ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு

செக் நாட்டின் பிராக் நகரத்தில் இரண்டாவது நாள் மதியமே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. பெட்ரின் குன்றின் உச்சியில், 299 படிகள் உள்ள கோபுரத்தின் அடியில் நின்றுகொண்டு, "இதையும் ஏறிட்டா இன்னைக்கு ஏழு இடம் ஆயிடும்" என்றார் என் கணவர். என் வலது முட்டி காலை பத்து மணிக்கே வீங்கத் தொடங்கியிருந்தது. "நீங்க ஏறிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றேன். நான் சொன்ன தொனி அவருக்கு எட்டவில்லை. சந்தோஷமாக ஏறப் போய்விட்டார்.

அந்தக் கோபுரம் பாரிஸின் ஈபிள் கோபுரத்தைப் பார்த்த ஆசையில் 1891ல் இந்த ஊர்க்காரர்கள் கட்டிக்கொண்ட சின்ன இரும்புக் கோபுரம். குன்றின்மேல் போகும் கேபிள் ரயிலை அந்தச் சமயத்தில் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் குன்று முழுவதும் நடந்தே ஏறியிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, 22ஆம் எண் டிராமில் பொஹோர்ஜெலெட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் கிட்டத்தட்ட சமதரையாகவே நடந்து அதே இடத்துக்கு வந்துவிடலாம். கோபுரத்துக்குள் தனிக் கட்டணத்தில் லிஃப்ட்டும் உண்டு. இரண்டையும் முதல் நாள் இரவு பத்து நிமிடம் படித்திருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம். 'எத்தனை இடம்' என்று எண்ணிக்கொண்டிருந்தோமே தவிர, 'எப்படிப் போவது' என்று ஒரு இடத்துக்குக்கூடப் பார்க்கவில்லை.

இவர் இறங்கி வந்தபோது நான் பக்கத்து ரோஜாத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் என் கால்களைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார், ஒன்றை, அதன் காகித உறையோடு, என் முட்டியின் மேல் வைத்தார். அந்த பெஞ்சிலேயே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். ஒரு நாள் அவர் தேர்வு, மறுநாள் என் தேர்வு. யாருடைய நாளோ அவர் சொன்னதுதான், மற்றவர் முணுமுணுக்கக் கூடாது. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எந்தத் திட்டமும் இல்லை. மீதிப் பயணம் பெரும்பாலும் இந்த ஒப்பந்தத்தின்படிதான் நடந்தது. அதனால்தான் இதை எழுதவே தோன்றியது.

எங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். திருமணமாகி 34 வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன பயணம் என்றால் கொடைக்கானல் ஒன்றுதான். அதற்குப் பிறகு போனதெல்லாம் பிள்ளைகளோடு, மாமியாரோடு, கல்யாணம் காதுகுத்து என்று. 2025 மே மாதம் 12 இரவுகள் ஐரோப்பாவில் இருந்தோம். பிராகில் 4, ஆஸ்திரியாவின் வியன்னாவில் 5, ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் 3. குழுச் சுற்றுலாவில் சேராமல், நாங்களே முன்பதிவு செய்துகொண்டோம். பெங்களூரில் இருக்கும் மகள் கணினி வேலைகளில் உதவினாள். விமானம், விசா, தங்குமிடம், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் சுமார் 4 லட்சம் ரூபாய் ஆனது.

விசாவைப் பற்றி இரண்டே விஷயம். மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு வியன்னாவில் ஐந்து இரவு என்பதால் ஆஸ்திரியா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விமானச் சீட்டு எடுக்கும்போது பிராகில் இறங்கி புடாபெஸ்ட்டிலிருந்து ஏறும்படி எடுத்தோம். போன வழியே திரும்பி வருவதற்கான ஒரு முழு நாளும் ரயில் காசும் இதனால் மிச்சம். மூன்று ஊர்களுக்கும் இது மிகப் பொருந்தும். மூன்றும் ஒரே திசையில் அடுத்தடுத்து வருகின்றன.

எடுத்துப்போன பொருள்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுபோகக் கூடாது. நெய் பாட்டிலையும் பால்கோவாவையும் கடைசி நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். தயிரில் ஊறியதுதானே என்று மோர்மிளகாயையும் வைத்துவிட்டேன். பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இரண்டு கிலோ பொன்னி அரிசியும் போயின. மூன்று ஊரிலும் சிறிய சமையலறை உள்ள அறையாகவே எடுத்திருந்ததால், இரவு சாப்பாடு பெரும்பாலும் எங்கள் கையால்தான். நான் சைவம், இவர் எதுவும் சாப்பிடுவார். பிராகில் உணவகங்களில் எனக்குக் கிடைத்தது வறுத்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும். இரண்டு வேளை நன்றாக இருந்தது, மூன்றாவது வேளை வேண்டாம் என்று நாக்கு சொல்லிவிட்டது. கடைத் தயிர் மிக நன்றாக இருக்கிறது, தயிர்ச்சாதத்துக்குக் கவலையே இல்லை.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பிராக் முழுவதும் கருங்கல் பாவிய தெருக்கள். சின்னச் சக்கரம் வைத்த பெட்டியை அதில் 900 மீட்டர் இழுத்துப் போனோம், அறை வாசலில் ஒரு சக்கரம் கையோடு வந்துவிட்டது. அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அறை எடுக்கும்போது வாடகைக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, டிராம் நிறுத்தம் எவ்வளவு தூரம். அடுத்த இரண்டு ஊருக்கும் எங்கள் மகள் அன்றிரவே அறையை மாற்றிப் போட்டாள்.

சரி, பிராகுக்கு வருகிறேன். நம்மூர் நேரம் அங்கே கோடையில் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதனால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். முதல் நாள் அதைத் தொல்லையாக நினைத்துப் புரண்டுகொண்டிருந்தோம். மூன்றாவது நாள் எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு, ஐந்தரை மணிக்கு சார்லஸ் பாலத்துக்குப் போனோம். 1357ல் அடிக்கல் நாட்டிய பாலம், 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், இருபுறமும் 30 சிலைகள். பகலில் அந்தப் பாலத்தில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. அந்த நேரத்தில் எங்களைத் தவிர கேமராவோடு நாலைந்து பேர், ஓடிப் பயிற்சி செய்யும் ஒரு பெண், வல்டாவா நதியின்மேல் மெல்லிய பனி. அவ்வளவுதான். வெளிநாட்டுக்குப் போன முதல் நான்கு நாள் தூக்கம் கலைவதை எதிர்த்துப் போராட வேண்டாம். கூட்டம் மொய்க்கும் இடங்களை அந்த விடியலில் பார்த்துவிடுங்கள்.

அன்று இவருடைய நாள். அந்தப் பாலத்துக்கு அடிக்கல் போட்ட நேரம் 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. ஏறி இறங்கும் எண்கள். மன்னன் நான்காம் சார்லஸுக்குச் சோதிடத்தில் நம்பிக்கை உண்டு, அதனால் குறித்த முகூர்த்தம் என்கிறார்கள். இவர் அதைச் சுவரில் விரலால் எழுதி எழுதிக் காட்டினார். நேபோமுக்கின் யோவான் என்ற புனிதரை 1393ல் இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். அவர் சிலையின் அடியிலுள்ள வெண்கலப் பலகையை வருகிறவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் தங்கமாக மின்னுகிறது. நம் கோவில் தூண்களில் கைபட்டு வழவழவென்று ஆகிப்போன யாளியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பழைய நகரமன்றக் கோபுரத்தின் வானியல் கடிகாரத்தையும் அன்றே பார்த்தோம். 1410ல் நிறுவியது, இன்னும் ஓடுகிறது. காலை 9 மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை மேலே ஜன்னல் திறந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் வரிசையாக வந்து போகிறார்கள். பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கிறது. கடைசியில் ஒரு சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பலர் இதற்காகவா காத்திருந்தோம் என்று நகர்ந்து போனார்கள். இவர் நகரவில்லை. பொம்மைகளை விட்டுவிட்டுக் கடிகாரத்தின் முகத்தையே பார்த்தார். ராசிச் சக்கரம், சூரியன் இருக்கும் இடம், நிலாவின் பிறை, எல்லாம் ஒரே முகப்பில். வெளி வட்டத்தில் பழைய செக் நேரம் என்று ஒன்று இருக்கிறது. சூரியன் மறைவதிலிருந்து நாளின் 24 மணியை எண்ணும் கணக்கு. நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது போல அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். நாற்பது நிமிடம் நின்றோம். அடுத்த மணி அடிக்கும்போது சதுக்கத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு நல்ல நேரம். கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில்தான் பணத்திலும் ஒரு அடி வாங்கினோம். தெருவோரத்து இயந்திரம் ஒன்றில் பணம் எடுத்தபோது, தொகையை நம் அட்டைக்குரிய பணத்தில் கணக்கிட்டுக் காட்டி 'இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா' என்று கேட்டது. பெரிய பச்சைப் பொத்தான். இவர் அழுத்திவிட்டார். வங்கி விகிதத்தைவிடப் பல சதவீதம் கூடுதலாகப் போனது. அந்தக் கேள்விக்கு எப்போதும் மறுப்புத்தான் பதில். மறுத்தாலும் பணம் வரும், நம் வங்கியின் விகிதத்தில் வரும். கடையில் அட்டை தேய்க்கும்போதும் அந்த நாட்டுப் பணத்திலேயே எடுக்கச் சொல்ல வேண்டும். செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட், ஆஸ்திரியாவில் மட்டும்தான் யூரோ. செக் நாட்டுப் பணமாற்றுக் கடைகளில் மோசமான விகிதத்தில் மாட்டிக்கொண்டால், 1000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்துகொள்ளும் உரிமை 2019 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். தெருவில் வந்து "மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் நிற்கவே வேண்டாம்.

பிராகில் என் நாள், கடைசி நாள். நான் கேட்ட இடம் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லை. யான் பாலாக் சதுக்கத்தில் ஆற்றைப் பார்த்து நிற்கும் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவுக் கட்டடம். கமில் சுவலபில் இந்த ஊர்க்காரர். 1927ல் பிறந்து, இங்கே படித்து, தமிழில் ஆழ்ந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். சங்க இலக்கியம் முதல் சித்தர் பாடல்கள் வரை அவர் எழுதியதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1968ல் சோவியத் படைகள் நாட்டுக்குள் நுழைந்த பிறகு அவர் ஊரைவிட்டு வெளியேறி, பின்னர் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். அந்தச் சதுக்கத்தின் பெயருக்கு உரிய யான் பாலாக், இதே கலைப்பிரிவில் படித்த மாணவன். அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்து உயிர்விட்டவன். 1964 ஜனவரியில் எங்கள் திருச்சியில் தமிழுக்காகத் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமியை நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போகவில்லை. வாசலுக்கு எதிரே கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து, மாணவர்கள் சைக்கிளில் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உன் நாள்தானே, இரு" என்று சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். 12 நாளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மணி நேரம் அது. கட்டணம் ஒன்றுமில்லை.

பிராக் டிராமில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். இந்த ஊர்களில் ரயில், டிராம் எதிலும் நம் மெட்ரோ போலத் தடுப்புக் கதவு கிடையாது. இயந்திரத்தில் வாங்கிய காகிதச் சீட்டை நாமே மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். திடீரென்று பரிசோதகர் வருவார், வியன்னாவில் அபராதம் 100 யூரோவைத் தாண்டும். எங்கள் கையில் சீட்டு இருந்தது, முத்திரை இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா எங்களைப் பார்த்து, சீட்டைப் பார்த்து, எழுந்து வந்து இவர் கையைப் பிடித்து அந்த மஞ்சள் பெட்டிக்கு நடத்திப் போனார். 'டிங்' என்று சத்தம் வந்ததும் இவர் தோளில் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். சீட்டை எவ்வளவு முன்னால் எடுக்கிறோமோ அவ்வளவு மலிவு. பிராக் ரயில் நிலையத்தில் எந்த நடைமேடை என்று கொஞ்ச நேரம் முன்புதான் பலகையில் வரும், பதற வேண்டாம். நாங்கள் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. வியன்னாவில் ஞாயிறு என்றால் மளிகைக் கடை, பல்பொருள் அங்காடி எல்லாம் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் விதிவிலக்கு. அந்தக் கடையைத் தாண்டித்தான் வெளியே வந்தோம். அறைக்குப் போய்ப் பெட்டியை வைத்த பிறகுதான் பால்கூட இல்லை என்று தெரிந்தது. மறுபடியும் நிலையத்துக்கே போனோம். ஞாயிறன்று வந்து இறங்குபவர்கள் நிலையத்திலேயே பால், ரொட்டி, தயிர் வாங்கிவிடுங்கள்.

வியன்னாவைப் பற்றி எழுதுவதென்றால் நான் காபிக்கடையைத்தான் எழுதுவேன். அரண்மனை, தேவாலயம் எல்லாம் பார்த்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷோன்புருன் அரண்மனையில் 1,441 அறைகள். உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும். நாங்கள் தோட்டத்தோடு நின்றுகொண்டோம், தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஆறு வயது மோட்சார்ட் 1762ல் பேரரசி மரியா தெரேசாவின் முன் வாசித்தது இந்த அரண்மனையில்தான். எனக்குத் தோட்டத்து மரநிழலே நிறைவாக இருந்தது.

காபிக்கடைக்கு வருகிறேன். உயரமான கூரை, பளிங்கு மேசை, வெல்வெட் இருக்கை. சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள் கொக்கியில் தொங்குகின்றன. மெலாஞ்ச் என்று கேட்டால் நுரை பொங்கும் பால் காபி வெள்ளித் தட்டில் வரும், கூடவே ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், அதன் மேல் குறுக்கே ஸ்பூன். எங்கள் ஊர்க் கடையில் காபி ஆறுவதற்குள் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். இங்கே ஒரு காபிக்கு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுப்பவில்லை. தண்ணீர் காலியானபோது பரிமாறுபவர் கேட்காமலே நிரப்பி வைத்தார். பில் மட்டும் தானாக வராது. நாம் கூப்பிட்டு "ட்ஸாலென் பிட்டே" என்று சொல்ல வேண்டும். அதைத் தெரியாமல் முதல் நாள் அரை மணி நேரம் வீணாகக் காத்திருந்தோம். பில் கொடுக்காதது அலட்சியம் என்று இவர் நினைத்தார். உண்மையில் அது மரியாதை. இருக்கும்வரை இருங்கள் என்று பொருள். பணம் கொடுக்கும்போது பத்து சதவீதம் போலச் சேர்த்து முழுத் தொகையாகச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். வியன்னாவின் இந்தக் காபிக்கடைப் பண்பாட்டை 2011ல் ஆஸ்திரியாவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், யுனெஸ்கோ வழியாக. காபியின் சுவையில் நம் டிகாக்‌ஷனுக்குத்தான் என் ஓட்டு. உட்காரவிடும் மனசுக்கு வியன்னாவுக்குத்தான்.

அங்கே உட்கார்ந்துதான் இவர் எனக்குத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பொன்மலையில் நீராவி எஞ்சின் பழுது பார்த்தவர், எனக்குத் தெரியும். ஆனால் இவரைச் சின்ன வயதில் ஞாயிறுதோறும் ரயில்வே கேட்டுக்குக் கூட்டிப்போய், எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுவாராம். 34 வருடத்தில் இது எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது, பால்காரரோ கேஸ் சிலிண்டரோ நடுவில் வந்திருக்கும்.

அந்தத் தம்ளர் தண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டு. மறுநாள் இவருடைய நாள், இவர் கேட்ட இடம் ஷ்வார்சென்பெர்க் சதுக்கத்து நீரூற்று. ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து பம்ப் எதுவும் இல்லாமல் சரிவிலேயே தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவரும் முதல் குழாய்வழி 1873ல் திறந்தது. அந்த நீரூற்று அதன் நினைவாகத்தான். இன்றும் வீட்டுக் குழாயில் வருவது மலைத் தண்ணீர். நாங்கள் வியன்னாவில் ஒரு பாட்டில்கூடத் தண்ணீர் வாங்கவில்லை. காவிரிக்கரையில் இருந்துகொண்டு கேன் தண்ணீர் வாங்கும் எங்களுக்கு அந்த நீரூற்றின் முன் பேச நிறைய இருந்தது.

என் நாளில் நான் தேர்ந்தெடுத்தது ஓபரா, பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம். வியன்னா அரசு ஓபரா மாளிகை 1869ல் திறந்தது. நல்ல இருக்கைக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகும். நின்று பார்க்கும் இடத்துக்கு 20 யூரோவுக்கும் குறைவு. முன்னால் இருக்கும் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் நமக்கு, யாரும் தொடமாட்டார்கள். நான் சால்வையின் முனையைக் கட்டினேன். ஒவ்வொருவர் முன்னாலும் சின்னத் திரையில் பாட்டின் பொருள் ஓடுகிறது. மொழி தெரியாவிட்டாலும் கதை புரிகிறது. அந்தப் பெண் குரல் மேலே மேலே ஏறியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இடைவேளையில் முட்டி கெஞ்சியது, வெளியே வந்துவிட்டோம். பாதி போதும். பாதி பார்த்துவிட்டு வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். புடா, பெஸ்ட், ஓபுடா என்ற மூன்று ஊர்கள் 1873ல் ஒன்றாகி உருவான நகரம், நடுவில் டானூப். இங்கே இவர் மறுபடி எண்களைக் கண்டுபிடித்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் உயரம் 96 மீட்டர், புனித ஸ்டீபன் பேராலயத்தின் உயரமும் 96 மீட்டர். ஹங்கேரியர்கள் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ளும் ஆண்டு 896. அரசும் சமயமும் ஒன்றைவிட ஒன்று உயரக் கூடாது என்றும் சொல்கிறார்கள்.

இங்கே மட்டும் எங்கள் ஒப்பந்தம் குழம்பிப் போனது, நல்லவிதமாக. அவருடைய தேர்வும் என்னுடைய தேர்வும் ஒரே ரயில் பாதையில் இருந்தன. அவர் கேட்டது எம்1 என்ற மஞ்சள் சுரங்க ரயில். லண்டனில் சுரங்க ரயில் 1863லேயே வந்துவிட்டது. ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் முதலாவது இதுதான், 1896. சாலைக்குச் சற்றே கீழே, பத்திருபது படி இறங்கினால் நடைமேடை. வெள்ளை ஓடு பதித்த சுவர், இரும்புத் தூண்கள், மரத்தாலான பழைய சீட்டு அறை, சின்ன மஞ்சள் பெட்டிகள். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, தூணின் ரிவெட்டைத் தடவிப் பார்த்து, அடுத்த வண்டியில் ஏறினார். நாள் சீட்டு வைத்திருந்ததால் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கவலையில்லை. பணிமனையில் இவரை நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்த மாதிரி இருந்தது.

அதே பாதையில் செச்சேனி குளியல் நிலையம் என்று ஒரு நிறுத்தம். அதுதான் என் தேர்வு. 1913ல் திறந்த பெரிய மஞ்சள் மாளிகை, பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர், உள்ளேயும் வெளியேயுமாகப் பல குளங்கள். எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. நீச்சல் உடையில் பொதுவிடத்தில் இறங்கியதில்லை. கணுக்கால்வரை மூடும் உடையை திருச்சியிலேயே வாங்கிப் போயிருந்தேன். அங்கே போனால் எல்லா வயதிலும் எல்லா உடம்பிலும் ஆட்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. என்னைவிட இருபது வயது மூத்த பெண்கள் குழுவாகக் கழுத்தளவு நீரில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். திறந்தவெளிக் குளத்தில் 38 டிகிரி வெந்நீர், மேலே குளிர்ந்த காற்று. தண்ணீருக்குள் நின்றுகொண்டே இரண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடினார்கள். இவர் ஆட்டத்தைப் பார்க்கப் போய் ஒரு மணி நேரம் திரும்பவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த மதியம்போல என் உடம்பு லேசாகிவிட்டது. பிராகிலிருந்து தொடர்ந்து வந்த முட்டி வலி அந்தக் குளத்தில்தான் அடங்கியது.

போகிறவர்களுக்கு: துண்டும் ரப்பர் செருப்பும் அறையிலிருந்தே எடுத்துப் போங்கள். நீச்சல் அடிக்கும் குளத்துக்குத் தலையுறை கட்டாயம். வார நாள் காலையில் கூட்டம் குறைவு. நகர நடை அதிகமுள்ள பயணத்தில் குளியலைக் கடைசி ஊருக்கு வைக்காமல் நடுவில் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. முட்டி வலி உள்ளவர்கள் புடாபெஸ்ட்டிலிருந்து தொடங்கி எதிர்த்திசையில் போவதுகூட நல்லதுதான்.

மறுநாள் சாயங்காலம் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் டானூப் கரையில் நடந்தோம். கரை விளிம்பில் இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள். 1944, 45ல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக்காரர்கள் யூத மக்களை இங்கே நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, ஆற்றில் விழும்படி சுட்டுக் கொன்றார்கள். 2005ல் வைத்த நினைவுச்சின்னம். ஆண்கள் பூட்ஸ், குதிகால் செருப்பு, ஒரு குழந்தையின் சின்னக் காலணி. அதற்குள் யாரோ ஒரு பூவை வைத்திருந்தார்கள். நாங்கள் படம் எடுக்கவில்லை.

கடைசி இரவு இரண்டாம் எண் டிராமில் ஏறினோம். ஆற்றங்கரையை ஒட்டியே போகும் டிராம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிர்க்கரையில் புடா கோட்டை, 1849ல் திறந்த சங்கிலிப் பாலம், எல்லாம் விளக்கொளியில். கடைசி நிறுத்தம்வரை போனோம், அதே டிராமில் திரும்பினோம், மறுபடி போனோம். மூன்றாவது முறை ஏறியபோது ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். விமான நிலையத்துக்கு நேராகப் போகும் 100இ பேருந்தில் நாள் சீட்டு செல்லாது, அதற்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும் என்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள். இறங்கும் இடத்து இயந்திரத்தில் இரண்டு சீட்டு எடுத்தோம். மீந்த ஃபோரிண்டில் கசகசா வைத்த ரொட்டி ஒன்று வாங்கினார் இவர், பாதி எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே அறைக்கு நடந்தோம், மெதுவாக.